நான்காவது வீட்டுப் பால்

இந்தப் படகு இன்றைக்கு ஓடாது என்று யாராவது வந்து சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். எஞ்சின் பழுது, காற்று அதிகம், ஓட்டுகிறவருக்குக் காய்ச்சல், எதுவானாலும் சரி. திரும்பிக் காரில் ஏறி உட்கார்ந்துவிடலாம். வழியில் எங்காவது பீட்ஸா வாங்கித் தின்றுவிட்டு, இருட்டுவதற்குள் பிரிட்ஜ்வாட்டர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, ட்ரையரில் அப்படியே விட்டு வந்த துணிகளை மடித்து வைக்கலாம்.

கயல் இப்படி நினைத்துக்கொண்டிருந்தது அவள் முகத்தில் தெரியவில்லை. முகத்துக்கு வராமல் நினைப்பது அவளுக்குப் பழகிப்போன காரியம். படகுத்துறையின் பலகையில் ஓரமாக நின்று, கணவன் சபரி காரிலிருந்து பைகளைக் கொண்டுவந்து அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூலர் பெட்டியைத் தூக்க அவள் கை நீட்டியபோது அவன் சட்டென்று தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

"அது வெயிட்டா இருக்கு. நான் பாத்துக்கறேன், நீ ஏறு."

காலையிலிருந்தே அவன் குரலில் ஒரு குஷி இருந்தது. வழி முழுக்க ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வந்தான். பதினொரு வயது மகள் வெண்பாவும் அவனும் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்துக்கொள்வதைக் கயல் கவனித்தாள். அடுத்த வாரம் கயலுடைய பிறந்தநாள். அப்பாவும் பெண்ணும் அதற்கு ஏதோ பேசி வைத்திருக்கிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

ஏரி பெரியது. எதிர்க்கரை, மலையடிவாரத்தில் ஒரு பச்சைக் கோடாகத்தான் தெரிந்தது. அந்தக் கோட்டுக்குள் இருபது இருபத்தைந்து வீடுகளோடு ஒரு சின்ன ஊர் இருக்கிறதாம். பின்னால் செங்குத்தான மலை என்பதால் சாலை கிடையாது. போக வர இந்தப் படகு ஒன்றுதான். தபால், நாய்த் தீனி, கேஸ் சிலிண்டர், மனிதர்கள், எல்லாமே இதில்தான் போகவேண்டும். சபரியின் கல்லூரி சீனியர் நஞ்சுண்டனும் அவர் மனைவி மரகதமும் நியூ ஜெர்சியின் பார்சிப்பனி ஊரை விட்டு அங்கே குடிபோய் மூன்று வருஷம் ஆகிறது. மெமோரியல் டே லீவுக்கு வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். சனிக்கிழமை போய்த் திங்கட்கிழமை திரும்புவதாக ஏற்பாடு.

படகு ஓட்டுகிறவர் சிவந்த தாடிக்காரர். திரும்புகிற படகு எப்போது என்று கயல் அவரிடம் கேட்டாள். இன்று சாயங்காலம் ஒன்று, அதை விட்டால் நாளைக் காலைதான் என்றார் அவர். இன்னும் ஏறவே இல்லை, அதற்குள் திரும்பவா என்று சிரித்தார்.

"என்னம்மா, இப்பவே எஸ்கேப் பிளானா?" என்றான் சபரி. அவளும் சிரித்தாள்.

படகு நகர்ந்ததும், கரையில் நிறுத்தியிருந்த அவர்களுடைய வெள்ளைக் கார் சின்னதாகிக்கொண்டே போனது. அது சபரியின் கார். அவளுடைய கார் வீட்டில் நிற்கிறது. பழசுதான், கதவைச் சாத்தினால் தகரச் சத்தம் கேட்கும். ஆனால் அதன் சீட் அவளுடைய கால் நீளத்துக்கு வைத்தபடியே இருக்கும், யாரும் பின்னால் தள்ளமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை அவள் அதில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கிற வேலை. வேலைக்குப் போக முடியாத டிபென்டென்ட் விசாவில் வந்து வீட்டுக்குள்ளேயே வருஷங்களைக் கழித்து, க்ரீன் கார்டு வந்த பிறகு படித்து, போன கோடையில்தான் சேர்ந்திருந்தாள். முழங்கை மடிப்பில் விரலை வைத்துத் தடவி, தோலுக்கு அடியில் ரத்தக்குழாய் மெத்தென்று எழும்பும் இடத்தைக் கண்டுபிடிக்கிறபோது வேறு எந்த நினைப்பும் அவளிடம் இருக்காது. அப்படி ஓர் அமைதி வீட்டில் ஒருநாளும் கிடைத்ததில்லை. அதை யாரிடமும் சொன்னதில்லை. ஊசி குத்துறதுல என்ன அமைதி என்பார்கள்.

மறுகரையில் நஞ்சுண்டன் அரை டிராயரும் தொப்பியுமாக நின்றிருந்தார். பக்கத்தில் மரகதம்.

"வாங்க வாங்க. கயல், மூச்சை நல்லா இழுத்து விடு. இந்தக் காத்துக்கே ஆயுசு கூடும். மூணு வருஷமா நான் ஒரு சிக்னல்ல நின்னதில்ல."

"ரெண்டு சிக்னலும் கெடையாது இங்க. போன்லயும் கெடையாது" என்றாள் மரகதம். "வா கண்ணு. எளைச்சுப் போயிட்டியே."

வந்து கட்டிக்கொண்டாள். வழக்கமாகக் கட்டிக்கொண்டு விடுகிற நேரம் கடந்த பிறகும் மரகதத்தின் கைகள் அவள் முதுகில் இருந்தன.

சாப்பாடு ஆனதும் ஆண்கள் இரண்டு பேரும் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பினார்கள். வெண்பா உயிர்காக்கும் சட்டையை மாட்டிக்கொண்டு நஞ்சுண்டனின் கயாக் படகைத் தண்ணீருக்கு இழுத்துப் போனாள். ஏற்கெனவே இந்த வீட்டில் பழகினவள் என்பதால், கயாக் எங்கே இருக்கிறது, துடுப்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. போன மாதம் அப்பாவும் பெண்ணும் மட்டும் இரண்டு நாள் வந்துவிட்டுப் போனார்கள். கயலுக்கு அப்போது வீக்கெண்ட் ஷிஃப்ட்.

"ராத்திரிக்குத் தயிர் உங்க கூலர்லதான இருக்குது? எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சிரு கண்ணு" என்று சொல்லிவிட்டு மரகதம் துணி காயப்போடப் பின்பக்கம் போனாள்.

கயல் கூலரைத் திறந்தாள். தயிர் டப்பா, தோசை மாவு, வெற்றிலை. எல்லாவற்றுக்கும் அடியில் துண்டில் சுற்றிய ஒரு பொருள். பித்தளைச் சட்டி. புத்தம் புதுசு, கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. சட்டிக்குள்ளே கல்லுப்புப் பாக்கெட், மஞ்சள் கிழங்கு, குங்குமம், கற்பூரம், இரண்டு சின்ன விளக்குகள்.

இந்தச் சாமான்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எதற்குக் கிளம்பும் என்று அவளுக்குத் தெரியாதா. மூன்று தடவை பார்த்திருக்கிறாள்.

முதல் தடவை டெக்சஸில், ப்ளேனோவில், கல்யாணமாகி வந்து இறங்கிய அபார்ட்மென்டில். எலெக்ட்ரிக் அடுப்பு. பால் பொங்கி வழிந்து சுருள் கம்பியில் கருகி, வீடெல்லாம் புகை. புகை அலாரம் அலறியது. சபரி சூட்கேஸ் மேல் ஏறி நின்று துண்டால் விசிறினான். "கயல், ஃபயர் எஞ்சின் வந்தா பாயசம் குடுத்து அனுப்பிடலாம்" என்றான். அவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆளை அவளுக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். பிறகு எடிசனில் வாடகை வீடு. பிறகு பிரிட்ஜ்வாட்டரில் சொந்த வீடு. மூன்று வீட்டையும் அவன்தான் பார்த்தான். பார்த்து முடித்த பிறகு அவள் போய்ப் பால் காய்ச்சினாள்.

"ஓ நோ."

வெண்பா சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தாள், சிப்ஸ் எடுக்க வந்திருக்கிறாள். "அம்மா, யூ வேர் நாட் சப்போஸ்ட் டு ஸீ தட்."

"என்னடி இது?"

"அப்பா டோல்ட் மீ நாட் டு டெல். நாளைக்குத்தான் சர்ப்ரைஸ்."

"எந்த வீட்டுக்கு?"

வெண்பா ஜன்னலைக் காட்டினாள். நாலு மரம் தள்ளி, நீலக் கதவு போட்ட மரவீடு. "தட் ஒன். மேல் ரூம் எனக்கு. அப்பா கயாக் வாங்கித் தர்றேன்னு சொன்னாரு. ஓன் கயாக்."

"ஸ்கூல்?"

"ஆன்லைன். ஹி ஸெட் இட்ஸ் ஃபைன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன் ஹாஸ்பிடலுக்குத்தான் ரொம்ப தூரம். பட் அப்பா ஸெட் யூ வோன்ட் நீட் டு கோ எனிமோர்." சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓடினவள் வாசலில் நின்று திரும்பினாள். "அம்மா ப்ளீஸ், நாளைக்குத் தெரியாத மாதிரி ஆக்ட் பண்ணு. ஓகே?"

கயல் சட்டியைத் துண்டில் சுற்றிப் பழையபடி வைத்தாள். தயிரை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தாள். வாசலில் கிடந்த மரகதத்தின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். எங்கே போகிறோம் என்று முடிவு செய்யவில்லை. ஆனால் அந்த ஊரில் ஒரே ஒரு பாதைதான் இருந்தது. வீடுகளுக்கு முன்னால் ஓடி, துறையில் போய் முடிகிற மண்பாதை.

சாயங்காலப் படகு ஹார்ன் அடித்தது. தாடிக்காரர் கயிற்றை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, வருகிறாயா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். கயல் பலகையின் நுனியில் நின்றாள். ஏறிவிட்டால்? அக்கரையில் இறங்கி என்ன செய்வது. கார் சாவி சபரியின் பாக்கெட்டில். கைப்பை மாடியறையில். வெண்பாவின் மஞ்சள் சட்டை தண்ணீரில் தூரத்தில் ஒரு புள்ளியாக ஆடிக்கொண்டிருந்தது. மகளைக் கூப்பிட்டு, கரையேறச் சொல்லி, ஈரம் துவட்டி, எதற்கு என்று சொல்லி… அவள் தலையை ஆட்டினாள். அவர் கயிற்றை வீசிவிட்டுப் போனார். படகு கிழித்த நீர் இரண்டு பக்கமும் கரைக்கு வந்து மோதி, கொஞ்ச நேரத்தில் அடங்கியது.

பின்னாலிருந்து சபரியின் காலடி கேட்டது.

"உளறிட்டாளா?" என்றான். கோபமில்லை, சிரிப்புத்தான். "நாளைக்கு உன் கண்ணக் கட்டிக் கூட்டிட்டுப் போகணும்னு இருந்தேன்."

"வீட்ட வாங்கிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. க்ளோஸிங், கையெழுத்து எல்லாம் அடுத்த வாரம். விக்கறவரு சாவிய இப்பவே குடுத்துட்டாரு, நல்ல மனுஷன். நாளைக்கு நாள் நல்லா இருக்குன்னு அம்மா சொன்னாங்க. பாலை மட்டும் காய்ச்சிடலாம்னு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே."

அவன் உண்மையாகவே திகைத்தான். "கேட்டேனே. மார்ச்ல. நீ சப்பாத்தி போட்டுட்டு இருந்த. ஏரி ஓரமா ஒரு வீடு பாக்கலாமா, அங்கயே போயிடலாமான்னு கேட்டேன். பாக்கலாம்னு சொன்ன."

சொன்னாள். அவளுக்கும் ஞாபகம் இருந்தது. சப்பாத்தியைத் திருப்பிப் போட்டபடி, "பாக்கலாம்" என்றாள்.

கோபியில் அவள் பிறந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். பிடிக்காத இடத்திலிருந்து சம்பந்தம் பேச வந்தாலும், தோட்டத்தைக் குத்தகைக்குக் கேட்டு வந்தாலும் அப்பா "பாக்கலாங்க" என்பார். வந்தவர் அதற்கு மேல் பேசமாட்டார். மோரைக் குடித்துவிட்டு, வெயிலைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசிவிட்டு எழுந்துவிடுவார். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லி ஒருவரை நோகடிக்காமல் அனுப்புவதற்கு அவர்கள் வீட்டில் இருந்த வார்த்தை அது. சபரியின் ஊர் பெருந்துறை. பஸ்ஸில் ஒரு மணி நேரம் இருக்குமா. அங்கே, அவன் வீட்டில், பாக்கலாம் என்றால் உடனே ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு பார்க்கக் கிளம்பிவிடுவார்.

நியூ ஜெர்சிக்கு மாறிடலாமா? பாக்கலாம். பிரிட்ஜ்வாட்டர்ல வாங்கிடலாமா? பாக்கலாம். பதினைந்து வருஷமாக அவள் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் சரி என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். தான் சொன்னதை மதிக்காமல் மிதித்துவிட்டுப் போகிறான் என்று அவள் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்த கோபம் எவ்வளவு. அந்த அடுக்கு இப்போது எதன்மேல் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளைக் கலக்கியது.

"எங்க வீட்ல பாக்கலாம்னா வேண்டாம்னு அர்த்தம்ங்க."

அவன் சிரித்துவிட்டான். "அது எனக்கு எப்படிம்மா தெரியும்? டிக்‌ஷனரியா குடுத்து அனுப்பிச்சாரு உங்கப்பா?"

"என் வேலை?"

"ஒரு வருஷம் லீவு கேளு. குடுக்கலேன்னா விட்டுத் தள்ளு, வேற கிடைக்காதா?" பிறகு சிரிப்பு போய்விட்டது. பலகையில் உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டான். "எனக்கு முடியல கயல். ஃப்ரீவேல போகும்போது நெஞ்சு அடிச்சுக்குது. மீட்டிங்ல பேரு சொல்லிக் கூப்பிட்டா பயமா இருக்கு. தூக்கமே வரதில்ல, உனக்குத் தெரியும். போன மாசம் இங்க வந்தப்போ தூங்கினேன். காலைல நஞ்சுண்டண்ணா வந்து எழுப்பற வரைக்கும் தூங்கினேன்."

அவளுக்குத் தெரியும். படுக்கையில் அவன் பல் நறநறக்கும் சத்தம் ஒரு வருஷமாக அவளையும்தான் எழுப்பிக்கொண்டிருக்கிறது. அவன் தலையில் கை வைக்க வேண்டும் போல இருந்தது. வைத்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்வான் என்று தோன்றியது. கையை மடக்கி வைத்துக்கொண்டாள்.

அவள் பேசாமல் நின்றதைப் பார்த்து அவனுக்கு ஏதோ தீர்ந்துபோன மாதிரி முகம் தெளிந்தது. எழுந்து அவள் தோளைத் தட்டினான். "காலைல அந்த வீட்டு ஜன்னல்லேர்ந்து பாரு. நீயே சொல்லுவ."

விளக்கேற்றும் நேரத்தில் மரகதம் சப்பாத்தி தேய்க்க, கயல் சுட்டு எடுத்தாள். சமையலறை ஜன்னலில் ஏரி ஈயம் பூசினது போல் கிடந்தது.

"தெரிஞ்சுபோச்சாமே உனக்கு. நல்லதாப் போச்சு. எனக்கு வாய் அரிச்சுட்டே இருந்துச்சு" என்றாள் மரகதம். "பக்கத்துல நீ வந்துட்டா எனக்கொரு ஆளாச்சு."

"பனிக்காலத்துல எப்படிக்கா இருக்கும்?"

"ஐஸ் நல்லா எறுகிடுச்சுன்னா ஒண்ணும் தொந்தரவு இல்ல. ஜம்முனு மேலயே வண்டி விட்டுட்டுப் போவாரு இவரு. தண்ணியா இருந்தாப் படகு. நடுவுல ரெண்டுங்கெட்டானா ஒரு சமயம் வரும் பாரு. ஐஸும் இல்ல, தண்ணியும் இல்ல. கால் வெச்சா உள்ள போயிரும், படகு வந்தா ஒடைஞ்சிரும். அப்ப மட்டும் யாரும் வர முடியாது, போக முடியாது."

"அப்ப என்னக்கா பண்ணுவீங்க?"

"என்ன பண்றது. ஃப்ரிட்ஜ்கூடப் பேசுவேன்." சிரித்தாள். "அதும் கடகடன்னு பதில் சொல்லும்."

"அண்ணாகிட்டப் பேசலாம்ல?"

"அவரு அமைதி வேணும்னு வந்தவராச்சே. அவர்கிட்ட எப்படிப் பேசறது?"

குறையாகச் சொல்லவில்லை. மாவு ஒட்டாமல் இருக்கக் கட்டையில் மாவு தூவுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். கயல் கல்லில் இருந்த சப்பாத்தியைத் திருப்பிப் போட்டாள். "உங்களுக்குப் படகு ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"வந்த வருசம் கத்துத் தர்றேன்னாரு. அப்புறம் தோதுப்படல." தேய்த்த சப்பாத்தியை நீட்டினாள். "நீ வந்துரு கண்ணு. ரெண்டு பேரும் இருந்தா அந்த ஃப்ரிட்ஜுக்காச்சும் கொஞ்சம் ரெஸ்ட் கெடைக்கும்."

பேச்சு விளையாட்டுப் பேச்சுத்தான். ஆனால் மரகதம் சப்பாத்தியைப் பிடித்த பிடியை விடவில்லை. இரண்டு பேர் கையிலும் ஒரு நிமிஷம் அது தொங்கிக்கொண்டிருந்தது. இந்த அக்கா கேட்பது உதவி என்று கயலுக்குப் புரிந்தது. வருகிறேன் என்பதைத் தவிர அதற்கு வேறு என்ன உதவி இருக்க முடியும் என்று தேடிப் பார்த்தாள்.

"நீங்க எங்க வீட்டுக்கு வந்து ஒரு மாசம் இருங்கக்கா. பிரிட்ஜ்வாட்டர் கோயில் பக்கத்துலதான இருக்கோம். தெனம் போயிட்டு வரலாம்."

மரகதத்தின் கை விலகியது. "அவரு என்ன சொல்வாரோ" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

காலையில் எல்லோரும் நீலக் கதவு வீட்டுக்குப் போனார்கள். சபரி கயலுக்குத் தெரியாமல் அவளுடைய பட்டுப்புடவை ஒன்றை எடுத்து வந்திருந்தான், மாம்பழ நிறத்தில். கூட எடுத்து வந்த ரவிக்கை வேறு புடவையுடையது, கத்தரிப்பூ நிறம். இரண்டையும் அவள் கட்டிலில் விரித்துப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து, எது எதோடு சேரும் என்று தெரியாமல் நின்று யோசித்திருப்பான். சல்வாரையே போட்டுக்கொண்டு வந்தாள்.

காலியான வீட்டில் பைன் மர வாசனையும் எலி வாசனையும் கலந்து அடித்தன. வீடு அழகாகத்தான் இருந்தது. சமையலறை ஜன்னல் நிறைய ஏரி. ஓரமாக ஒரு தொட்டி வைத்தால் கறிவேப்பிலை வரும் என்று கயலின் கண் அளந்தது. அளந்ததை உணர்ந்ததும் பயம் வந்தது. தட்டுகளுக்குத் தாள் விரிப்பாள், எந்த டப்பா எங்கே என்று வைப்பாள், எந்த நேரத்துக்கு எந்த அறையில் வெயில் வரும் என்று தெரிந்துகொள்வாள். பிரிட்ஜ்வாட்டரில் அப்படித்தான் நடந்தது. ஒரு வருஷத்தில் அது கயல் வீடு ஆனது. அவளுக்கு இருந்த பயமெல்லாம் இந்த வீடும் தனக்குப் பழகிப்போய்விடும் என்பதுதான். அவள் விரல்கள் ரத்தக்குழாயை மறந்துபோகும். மறந்தது தெரியாமலே அவள் ஜன்னலில் நின்று, ஐஸா தண்ணீரா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

வெளியே காலைப் படகு ஹார்ன் அடித்துப் புறப்பட்டுப் போனது. சாயங்காலம் வரைக்கும் இனி இந்த ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கவேண்டும்.

நஞ்சுண்டன் தன் வீட்டு சாட்டிலைட் இன்டர்நெட்டை இந்த வீடு வரைக்கும் எட்ட வைத்து, டேப்லெட்டை உப்புப் பாக்கெட்டில் சாய்த்து நிறுத்தினார். திரையில் பெருந்துறை வீட்டுக் கூடமும், அதன் நடுவில் சபரியின் அம்மாவும் வந்தார்கள்.

"கயலு, சீலை கட்டலியா சாமி?"

"ப்ளவுஸை மாத்தி எடுத்துட்டு வந்துட்டேம்மா" என்றான் சபரி. எல்லோரும் சிரித்தார்கள்.

"போகுது. பாலு கெழக்கால பொங்கோணும். கெழக்கு எதுன்னு பாத்துக்க."

நஞ்சுண்டன் போனில் திசைகாட்டியைத் திறந்து, சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றி, "ஏரிப் பக்கம்தாங்கம்மா கெழக்கு" என்றார். சபரி சட்டிக்கு மஞ்சள் கட்டினான், குங்குமம் வைத்தான். அடுப்பில் ஏற்றிப் பாலை ஊற்றினான். வெண்பா விளக்குகளைக் கொளுத்திவிட்டு, அம்மாவின் முகத்தையே பார்த்தபடி நின்றாள். சபரி விலகி இடம் விட்டான்.

"வா கயல். பத்த வை."

கயல் நின்ற இடத்திலேயே நின்றாள். பால் வெள்ளையாக, அசையாமல் இருந்தது. பாக்கலாம் என்ற வார்த்தை பழக்கதோஷத்தில் நாக்கு நுனிக்கு வந்தது. அதை விழுங்கினாள். அதன் இடத்தில் வைக்க வேறு வார்த்தை தேடியபோது, அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நான் மாட்டேங்க" என்றாள்.

சபரிக்குக் கேட்டது. மற்றவர்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காது.

"என்ன சொல்றா? சத்தமே வரல" என்றார் திரையிலிருந்து அத்தை.

சபரி அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "எல்லாரும் பாக்கறாங்க. இப்ப பத்த வை. போய் உக்காந்து பொறுமையாப் பேசிக்கலாம்."

"பேசலாங்க. உங்களுக்குத் தூக்கம் வரதுக்கு என்ன செய்யலாம்னு எத்தன நாள் வேணும்னாலும் உக்காந்து பேசலாம். டாக்டர்கிட்டப் போலாம். நீங்க வேலைய விடணும்னா விடுங்க, நான் டபுள் ஷிஃப்ட் போறேன்." மூச்சு வாங்கியது. "இந்த வீட்டுக்கு நான் வரல. இந்தப் பாலை நான் காய்ச்ச மாட்டேன்."

நஞ்சுண்டன் திசைகாட்டியை மறுபடி பார்க்க ஆரம்பித்தார். சபரியின் முகத்தில் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். வந்தது வேறு. வழியில் நின்றுபோன வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவனைப் போல, அடுத்து என்ன என்று தெரியாத ஒரு முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏஞ்சாமி, ஒடம்புக்கு ஆகலியா?" அத்தையின் குரல். "அப்படின்னா ஒண்ணு பண்ணு. மரகதமே பத்த வெக்கட்டும். கயலு கையால சும்மா தொட்டாப் போதும். தொட்டாலே அவ காய்ச்சினதுதான்."

சபரிக்கு உயிர் வந்தது. "ஆமா. தொட்டாப் போதும். தொடு கயல், எனக்காக. அவ்வளவுதான்."

மரகதம் முன்னால் வந்தாள். அடுப்பின் திருகில் விரல்களை வைத்தாள். கயலை நிமிர்ந்து பார்த்தாள். வா என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று அந்தப் பார்வையில் தெரியவில்லை. பக்கத்தில் இன்னொரு கைக்கு இடம் விட்டுக் காத்திருந்தாள்.

கயல் துப்பட்டாவுக்குள் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டாள்.

"தொட மாட்டேங்க" என்றாள்.